பச்சையெல்லாம் காடாகுமா?

1992ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் ரியோ நகரில் உலகத் தலைவர்கள் கூடிப் புவியின் நலம் குறித்து ஆராய்ந்தனர். அம்மாநாட்டில் மலேசியா ஒரு வாக்குறுதியை அளித்தது. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்குக் குறையாமல் காடு காக்கப்படும் என்பதே அது. சொல்லுதல் எளிது. சொன்ன சொல் காக்கப்படுகிறதா என்று அறிவது எங்ஙனம்? ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம் சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள நாட்டில் பாதியை யார் அளப்பது? எந்தக் கோல் கொண்டு அளப்பது?

2015 செப்டம்பரில் ஐக்கிய நாட்டு நிறுவனம் நீடித்த மேம்பாட்டிற்கென 17 இலக்குகளை ஏற்றபோது, இவ்வினா எல்லா நாடுகளுக்கும் உரியதாயிற்று. வறுமை, கல்வி, குடிநீர், நகர வாழ்வு, கடல், காடு என விரியும் அவ்விலக்குகளை அளந்து காட்ட 230க்கும் மேற்பட்ட குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. குறிகாட்டி என்பது மாணவனின் மதிப்பெண்ணைப் போன்றது. அவனை முழுமையாகக் காட்டாது. ஆயினும் அதுவின்றிச் சென்ற ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒப்பிட வழியில்லை. பதினைந்தாம் இலக்கின் முதற் குறிகாட்டி கேட்பது ஒன்றே: நாட்டின் நிலத்தில் எத்தனை விழுக்காடு காடு?

தீபகற்ப மலேசியாவில் முதல் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பு 1970 முதல் 1972 வரை நடைபெற்றது. அதன்பின் ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை அப்பணி தொடர்ந்தது. வனத்துறை ஊழியர்கள் அட்டைக்கடிக்கும் மழைக்கும் ஈடுகொடுத்துக் காட்டினுள் நடந்து, மரங்களின் சுற்றளவை அளந்து எழுதிய கணக்கு அது. அதன் அருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால், பத்தாண்டு இடைவெளி என்பது ஒரு குன்றை மொட்டையடித்துத் தாமான் எழுப்பி, அதற்குப் பெயரும் சூட்டி முடிக்கப் போதுமான காலம்.

முதற் கணக்கெடுப்பு நடந்த அதே 1972ஆம் ஆண்டின் ஜூலைத் திங்களில், பின்னாளில் லேண்ட்சாட் எனப் பெயர் பெற்ற அமெரிக்கத் துணைக்கோள வரிசையின் முதற் கோளம் விண்ணில் ஏவப்பட்டது. அவ்வரிசையில் இன்று இயங்கும் ஒவ்வொரு கோளமும் 16 நாளுக்கு ஒருமுறை அதே நிலத்தின்மேல் திரும்ப வருகிறது. 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட நிலம் அதன் படத்தில் ஒரு புள்ளியாகும். பள்ளியின் ஒன்றுகூடல் திடலளவு என்று கொள்ளலாம். 2008ஆம் ஆண்டில் இப்படங்கள் அனைத்தும் விலையின்றி உலகிற்குத் திறந்துவிடப்பட்டன. அதுவரை படம் வாங்கப் பணமில்லாமல் இருந்த நாடுகள் தம் நிலத்தின் பழைய முகத்தைத் தாமே பார்த்துக்கொள்ள முடிந்தது. ஐரோப்பியரின் சென்டினல் கோளங்களும் பின்னர் இவ்வழியையே பின்பற்றின.

துணைக்கோளம் பச்சையை எவ்வாறு அறிகிறது? இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உண்டுவிடுகிறது. கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பு ஒளியையோ இலை பெரிதும் திருப்பி அனுப்பிவிடுகிறது. செழித்த காடு சிவப்பில் நூற்றுக்கு 5 பங்கையும் அகச்சிவப்பில் 45 பங்கையும் திருப்புவதாகக் கொள்வோமாயின், இரண்டின் வேறுபாடு 40, கூட்டுத்தொகை 50. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.8 வரும். வெற்று மண் 20 பங்கையும் 30 பங்கையும் திருப்பினால் விடை 0.2. ஐந்தாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய இக்கணக்கே உலகின் பசுமையை அளக்கும் அடிப்படைக் கணக்கு. அறிவியல் எப்போதும் அச்சுறுத்தும் தோற்றத்துடன் வருவதில்லை.

சிக்கல் இதன்பின்தான் தொடங்குகிறது. வெளுத்ததெல்லாம் பாலன்று, பச்சையெல்லாம் காடுமன்று. கித்தாத் தோட்டமும் பச்சை, செம்பனைத் தோட்டமும் பச்சை, பகாங்கின் முதுகாடும் பச்சை. முற்றிய செம்பனையின் கணக்கும் காட்டின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வரக்கூடும். எது காடு என்று துணைக்கோளம் தானாகச் சொல்லாது. அதை மனிதர்தாம் வரையறுத்துக் கொடுக்க வேண்டும்.

ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்த இலக்கணம் இது: பரப்பு அரை ஹெக்டருக்கு மேல், மரங்களின் உயரம் 5 மீட்டருக்கு மேல், தழைக்கவிகை பத்து விழுக்காட்டுக்கு மேல் இருப்பின் அது காடு. பழத்தோட்டமும் செம்பனைத் தோட்டமும் இதில் சேரா. கித்தாத் தோட்டமோ சேரும். இதன் விளைவை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். பழைய பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டால், ஒரு யானைகூட வீடிழக்கவில்லை. ஆனால், ஏட்டில் காடு குறைந்துவிடும். மாறாக, ஆயிரமாண்டு முதுகாட்டை வெட்டிக் கித்தா நட்டால் யானை, புலி, ஊற்று அனைத்தும் போய்விடும்; அம்மரங்கள் வளர வேண்டியவை என்பதால் ஏட்டில் காடு காடாகவே நிற்கும். விழுக்காடு அசையாது. பிரட்டுக்களத்தில் நின்ற எந்தத் தொழிலாளியிடம் கேட்டாலும், தாம் நிரை பிடித்துப் பால் வெட்டிய இடத்தைக் காடு என்று சொல்லியிருக்க மாட்டார்.

இலக்கணம் மாறினால் எண்ணும் மாறும். 2013ஆம் ஆண்டில் மேரிலண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேண்ட்சாட் படங்களைக் கொண்டு உலக மரப்பரப்பின் வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். 5 மீட்டருக்கு மேல் உயர்ந்ததெல்லாம் அதில் மரமே. எனவே, இருபத்தைந்து ஆண்டு பலன் தந்து ஓய்ந்த செம்பனையை வெட்டி மறுநடவு செய்தாலும் அது இழப்பாகவே பதிவாகும். ஒரே நாட்டைப் பற்றி அரசின் ஏடு ஓர் எண்ணும் இவ்வரைபடம் வேறோர் எண்ணும் சொல்லும்போது, யாரோ பொய்யுரைப்பதாக ஊரில் வாதம் எழுகிறது. இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். கேட்ட கேள்விகள்தாம் வேறு.

தோட்டத்தையும் காட்டையும் பிரித்தறிய வழி இல்லாமற் போகவில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் கித்தா மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். தோட்டப்புறத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியன்று. ஓராண்டுப் படங்களை வரிசையாக வைத்து, எந்தப் பச்சை சில வாரங்கள் மங்கி மீண்டும் துளிர்க்கிறது என்று பார்த்துக் கித்தாவைக் கண்டறியும் முறையை ஆய்வாளர்கள் இன்று கையாள்கின்றனர். மற்றொரு தடை மேகம். நிலநடுக்கோட்டு நாடுகளில் 16 நாளுக்கு ஒருமுறை வரும் கோளம், வரும் நாளிலெல்லாம் மேகத்தையே படமெடுத்துச் செல்லக்கூடும். அதனால்தான் மலேசியா 2009இல் ஏவிய ரசாக்சாட் நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் விடப்பட்டது. அது எதிர்பார்த்த காலத்திற்கு முன்பே செயலிழந்தது வருந்தத்தக்கது. ராடார் கோளங்களுக்கு மேகம் ஒரு தடையன்று. அவை தாமே அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் படிப்பவை. 2014இல் ஏவப்பட்ட சென்டினல் 1 கோளத்தின் அலைநீளம் ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர். ஜப்பானியரின் அலோஸ் கோளத்தினுடையது 23 சென்டிமீட்டர். நீண்ட அலை இலைகளைக் கடந்து கிளையையும் அடிமரத்தையும் தொட்டு மீளும். சிங்கப்பூரும் 2023 ஜூலையில் ஒரு ராடார் கோளத்தை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது.

எண் கையிலிருந்தால் என்ன நேரும் என்பதற்குப் பிரேசில் சான்றாகும். அந்நாட்டு விண்வெளி ஆய்வுக் கழகம் 1988 முதல் அமேசான் காட்டின் அழிவை ஆண்டுதோறும் துணைக்கோளத்தால் அளந்து வெளியிடுகிறது. 2004இல் ஓராண்டு அழிவு ஏறத்தாழ 27,700 சதுரக் கிலோமீட்டர். அவ்வாண்டிலிருந்து, அழிவு நடக்கும்போதே எச்சரிக்கும் முறை ஒன்றும் தொடங்கியது. அதிகாரிகள் வெட்டும் இடத்திற்கே விரைந்தனர். வேறு சட்ட நடவடிக்கைகளும் உடன் சேர்ந்தன. 2012இல் அழிவு ஏறத்தாழ 4,600 சதுரக் கிலோமீட்டராகச் சுருங்கியது. பின்னர் அது மீண்டும் ஏறியபோது, அந்த எண்களை அதிபரே மறுத்துரைத்தார். 2019 ஆகஸ்டில் கழகத்தின் இயக்குநர் பதவி நீக்கப்பட்டார். அளவுகோலை எடுத்துச் சென்றவரை விலக்கலாம். நிலத்தின் நீளம் அதனால் குறைவதில்லை. அவ்வாண்டின் கணக்கு 10 ஆயிரம் சதுரக் கிலோமீட்டரைத் தாண்டியது. படங்கள் உலகோர் அனைவர் கையிலும் இருந்தமையால் அதை மறைக்க இயலவில்லை.

மலேசியாவில் இப்பணிக்கென 1988இல் தொலையுணர்வு மையம் அமைந்தது. அதன் வழிவந்த நிறுவனம் 2019இல் விண்வெளி நிறுவனத்துடன் இணைந்து மலேசிய விண்வெளி முகவை ஆயிற்று. அரசின் கணக்குப்படி காடு பாதிக்குச் சற்று மேல் உள்ளது. அந்தச் 'சற்று' என்பதில்தான் பொறுப்பு முழுவதும் அடங்கியுள்ளது. நூறு இடங்களில் தொண்ணூற்றைச் சரியாகக் காட்டும் வரைபடம் தேர்வில் சிறந்த மதிப்பெண்தான். ஆனால், வாக்குறுதிக்கும் உண்மைக்கும் இடையேயுள்ள தொலைவு அந்தப் பத்தைவிடச் சிறிதாயின், அவ்வரைபடத்தை மட்டும் நம்பி எதையும் அறிவிக்க முடியாது. ஆதலால் மனிதர் மீண்டும் காட்டிற்குள் நடக்கவேண்டியிருக்கிறது. வரைபடத்தில் சில புள்ளிகளைக் குலுக்கலாகத் தேர்ந்து, அங்கே உண்மையில் இருப்பது என்ன என்று நேரில் பார்த்து எழுதுவதே அவர்களின் வேலை.

அவ்வாறு செல்வோர் சில வேளை கைவிடப்பட்ட பழைய தோட்டத்தில் போய் நிற்பர். வெட்டுத் தழும்பு ஆறிய பால்மரங்கள் இன்னும் நிரையாகவே நிற்கும். இடையிடையே காட்டுமரங்கள் தலைதூக்கியிருக்கும். கொடிகள் எல்லாவற்றையும் போர்த்தியிருக்கும். கையிலுள்ள படிவத்தில் காடு என்று ஒரு கட்டமும் தோட்டம் என்று ஒரு கட்டமும் இருக்கும். இரண்டில் ஒன்றில்தான் அவர் குறியிட வேண்டும்.