தலைகீழ் மலை

எங்கள் பக்கத்தில் வெயிலில் நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். பழனிக்கு நேர்ந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது பஸ் வராமல் போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒருவன் முதுகில் மூட்டையோடு காட்டுக்குள் போனால், "ஏம்ப்பா, வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்றுதான் கேட்பார்கள். நான் திண்டுக்கல்லில் வளர்ந்தவன். தைப்பூசம் நெருங்கினால் காவியும் பச்சையுமாகப் பழனிச் சாலையில் கூட்டம் போவதைப் பார்த்துப் பழகிய கண். சிட்னிக்கு வந்த புதிதில் இந்த புஷ்வாக்கிங் எனக்குப் பிடிபடவே இல்லை. போகிற இடத்தில் சாமி கிடையாது. திரும்பும்போது பஞ்சாமிர்தம் கிடையாது. கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து சேர ஒரு முழுச் சனிக்கிழமை.

இழுத்துக்கொண்டு போனவர் எங்கள் டூங்காபி தெருவின் கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபதை நெருங்குகிறார்; வாரம் தவறாமல் காட்டில் நடப்பவர். யாழ்ப்பாணத்து நண்பர் அவருக்கு ‘ரீச்சர்’ என்று பெயர் வைத்தார். அந்த அம்மாளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். நான், யாழ்ப்பாணத்தார், மதுரைக்காரர் ஒருவர், ரீச்சர் என்று ஒரு கார் கொள்ளும் கூட்டம். எங்கள் மூவருக்கும் அதுதான் முதல் தடவை.

ஜனவரி மாதம். மலையடிவாரத்துப் பென்ரித்தில் 39 டிகிரி வரும் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். ரத்தாகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். ரீச்சர் நாளை மாற்றவில்லை, இடத்தை மாற்றினார். முதலில் பேசியிருந்தது ராயல் தேசியப் பூங்காவின் கடலோரப் பாதை. 1879-லேயே பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், அழகுதான். ஆனால் பல மைல் மொட்டைப் பாறைமேல் நடக்க வேண்டும். அதற்குப் பதிலாக நீலமலையில் பிளாக்ஹீத் ஊரை ஒட்டிய கிராண்ட் கேன்யன் பாதை என்று முடிவானது. ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பாதி தூரம் பாறை இடுக்கில் ஓடையோடு போகும். காட்டுத்தீ அபாயத்துக்கு இங்கே நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். காற்று குறைவு என்பதால் அன்றைய அளவு இரண்டாம் படியோடு நின்றுவிட்டது. ஒரு படி ஏறியிருந்தால் வீட்டில் உட்கார்ந்து டெஸ்ட் மேட்ச் பார்த்திருப்போம்.

காரில் ஏறுவதற்கு முன்பே தண்ணீர்ச் சோதனை. ஆளுக்கு மூன்று லிட்டர் என்று சொல்லியிருந்தார். மதுரைக்காரரிடம் ஒரு சின்ன பாட்டிலும், ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையப் புளியோதரையும் இருந்தன. ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் இரண்டு குடுவைகளை நிரப்பிக்கொண்டு வந்து அவர் பையில் திணித்தார். பிறகு ஒரு தாளை எடுத்துப் பாதையின் பெயர், வண்டி எண், எங்கள் பெயர்கள் எல்லாம் எழுதி, மாலை ஆறு மணிக்குள் போன் வராவிட்டால் அவசர உதவி எண்ணான 000-வைக் கூப்பிடும்படி மகளுக்குப் படம் பிடித்து அனுப்பினார்.

"உயில் எழுதி வச்சிட்டுக் கிளம்புற மாதிரியில்ல இருக்கு" என்றார் மதுரைக்காரர்.

பென்ரித்தைத் தாண்டும்போது அவரே 2020 ஜனவரி 4-ஆம் தேதியை நினைவுபடுத்தினார். அன்று அந்த ஊரில் 48.9 டிகிரி. அவர் குளிர்சாதனம் பழுதான வாடகை வீட்டில் அந்த நாளைக் கழித்தவர். மதுரை வெயிலைப் பற்றிப் பெருமை பேசுவதை அதோடு விட்டுவிட்டார். பென்ரித் ஏறக்குறையக் கடல் மட்டத்தில் கிடக்கிறது, பிளாக்ஹீத் ஆயிரம் மீட்டருக்கும் மேலே. அதனால் மேலே ஆறேழு டிகிரி குறைவாகத்தான் இருக்கும் என்றார் ரீச்சர். இருந்தது. காரை விட்டு இறங்கியதும் கொடைக்கானலுக்கு வந்துவிட்டதாகவே ஒரு தெம்பு.

அந்தத் தெம்புதான் ஆபத்து. நம் மலைகளில் அடிவாரத்தில் கிளம்பி மேலே ஏறுகிறோம். பழனியோ, சதுரகிரியோ, வெள்ளியங்கிரியோ, கஷ்டம் முதலில் வந்துவிடும். முடியாதவர் பாதியில் உட்காருவார்; திரும்புவதென்றால் இறக்கம்தான், எப்படியும் வந்து சேரலாம். நீலமலை அப்படியே தலைகீழ். ஊர், ரயில், நெடுஞ்சாலை, பேக்கரி எல்லாம் மேலே சமதளத்தில். மலை என்று நாம் பார்க்கப் போவது காலுக்குக் கீழே பிளந்து கிடக்கிறது. காலையில் கால் புதிதாக இருக்கும்போது இறக்கம். தண்ணீர் தீர்ந்து, சாப்பாடு கனத்து, வெயில் உச்சிக்கு வந்த பிறகு ஏற்றம். முடியுமா என்ற கேள்விக்கு விடை, எதையும் உணராத காலை நேரத்திலேயே சொல்லியாக வேண்டும்.

சிட்னியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கும் இந்த மலை இப்படித்தான் போக்குக் காட்டியது. பள்ளத்தாக்கு வழியே புகுந்து போனால் மறுபக்கம் வரும் என்று நம்பிப் போனவர்கள் செங்குத்தான பாறைச் சுவரில் முட்டித் திரும்பினார்கள். 1813-இல் பிளாக்ஸ்லண்ட், லாசன், வென்ட்வொர்த் மூவரும் முகட்டை விட்டு இறங்காமலே நடந்து மலையைக் கடந்தார்கள். இன்றைய நெடுஞ்சாலையும் ரயிலும் பெரும்பாலும் அந்த முகட்டின் மேல்தான் போகின்றன. டாருக், குண்டுங்குரா மக்கள் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே இந்த மலைகளில் போய் வந்துகொண்டிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் பெயர் வந்தது மட்டும் அந்த மூன்று பேருக்கு.

நீட்ஸ் கிளென் என்ற இடத்தில் படி இறங்கத் தொடங்கியது. முதல் சில வளைவுகளில் யூகலிப்டஸ் மரங்களும் காதைக் கிழிக்கும் சிள்வண்டுச் சத்தமும். பத்து நிமிடம் இறங்கியிருப்போம். யாரோ கதவைச் சாத்தியதுபோல் சத்தம் அறுந்தது. காற்றில் ஈர மண் வாசனை. மரங்களே வேறாகிவிட்டன. கோச்வுட், சாசஃப்ராஸ் என்று ரீச்சர் பெயர் சொன்ன மழைக்காட்டு மரங்கள்; ஆள் உயரத்துக்கு மேல் குடை விரித்த மரப்பெரணிகள். பாறையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் பாசி விரல் தடிமனுக்கு வளர்ந்திருந்தது. ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு சொட்டு; அது கனத்து விழுந்ததும் அதே இடத்தில் அடுத்தது ஊறத் தொடங்கும். பாதை ஒரு சிறு குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. கீழே கிரீவ்ஸ் ஓடை, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், சத்தமாக மட்டும். பாறை விளிம்பை வெட்டி, வேலிபோட்டு இந்தப் பாதையை 1907-இலேயே திறந்துவிட்டார்களாம். பல இடங்களில் வலது தோள் பாறையில் உரசியது.

லயர் பறவை ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. இங்கே பத்து சென்ட் நாணயத்தில் இருக்கும் பறவை. மற்ற பறவைகளின் குரலை எல்லாம் அச்சாகத் திருப்பிச் சொல்லும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; அன்று அதற்குச் சாப்பாடுதான் முக்கியமாக இருந்தது.

எங்களுக்கும்தான். ஓடை பாதையோடு சேரும் இடத்தில் ஒரு அகலப் பாறை. புளியோதரை, தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய், ஃபிளாஸ்க்கில் உப்புப் போட்ட மோர். ரீச்சர் தன் பையிலிருந்து முந்திரி, திராட்சை, சாக்லேட் கலந்த ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். உப்புக்கு ஊறுகாயையும் ஒரு விள்ளல் கேட்டு வாங்கிக்கொண்டார். மேலே வெயில் காய்கிறது என்பதே மறந்துபோனது. யாழ்ப்பாணத்து நண்பர் சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விட்டார். "இதிலயே இருந்திட்டுப் பின்னேரமா ஏறுவம். என்ன அவசரம்?"

நியாயமான யோசனை என்றே எனக்கும் பட்டது. ரீச்சர் பதில் சொல்லாமல் மேலே கையைக் காட்டினார். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, எங்கள் தலைக்கு வெகு உயரத்தில், ஒரு மரக்கட்டை குறுக்காகச் செருகிக் கிடந்தது. அதன் மேல் சருகும் குச்சியும் அடைந்திருந்தன. அதை அங்கே வைத்தது வெள்ளம். கொதிக்கிற நாளில் பின்னேரம் இடிமழை கட்டும்; மழை வேறெங்கோ மலைமேல் பெய்தாலும் இந்த இடுக்கில்தான் வந்து விழும். அன்றைக்கு மழை அறிவிப்பு இல்லைதான். ஆனாலும் இங்கே இருந்து பார்த்தால் தெரிவது ஒரு முழம் வானம். அதை நம்பி உட்காருவதற்கில்லை என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

கிளம்பும் முன் தொப்பியையும் சட்டையையும் ஓடையில் முக்கி உடுத்திக்கொள்ளச் சொன்னார். காரணம் ஏற்றம் தொடங்கியதும் புரிந்தது. சென்னையில் வியர்வை ஒழுகும். ஒழுகுவதைப் பார்த்தாவது தண்ணீர் குடிக்கத் தோன்றும். உள்நாட்டிலிருந்து வரும் இந்த வறண்ட காற்றில் வியர்வை தோலுக்கு வந்ததும் காய்ந்துபோகிறது. நெற்றியைத் துடைத்தால் ஈரம் இல்லை, உப்புதான் நெருடுகிறது. உடம்பு எவ்வளவு இழந்தது என்பதே தெரிவதில்லை. நனைத்த சட்டை பாதி ஏற்றத்துக்குள் மொடமொடவென்று ஆகிவிட்டது.

பெரணிகள் முடிந்து மறுபடி யூகலிப்டஸ். இந்த மரத்தின் நிழலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேப்பமரத்தடியில் வளர்ந்தவனுக்கு மரம் என்றால் அடியில் நிழல் இருக்க வேண்டும். இதற்கு இலை செங்குத்தாகத் தொங்குகிறது. உச்சி வெயிலுக்கு விளிம்பைக் காட்டி, தன் ஈரத்தைத் தான் காத்துக்கொள்கிறது. வெயில் நேராகத் தரைக்கு வந்துவிடும். 1836 ஜனவரியில் சார்ல்ஸ் டார்வின் இதே பிளாக்ஹீத் வழியாகப் போனவர். இந்த மரங்களால் வழிப்போக்கனுக்கு நிழல் இல்லை, ஆனால் அடியில் புல் வளர்வதால் பண்ணைக்காரனுக்கு லாபம் என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் பெரும்பாலும் குதிரைமேல் போனார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மதுரைக்காரர் பேச்சை நிறுத்தியதை முதலில் கவனித்தவர் ரீச்சர். முகம் வெளுத்திருந்தது. தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார், கேட்ட பிறகு. மரத்தடியைத் தாண்டி ஒரு பாறை நிழலுக்கு நடத்திப் போய்ப் படுக்க வைத்து, காலைப் பையின்மேல் தூக்கி வைத்து, கழுத்திலும் கையிலும் தண்ணீர் ஊற்றித் தொப்பியால் விசிறினோம். மடக்கென்று குடிக்க விடவில்லை. மிச்ச மோரை வாய் வாயாகக் கொடுத்தார். ரீச்சரின் பையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் பெட்டி வெளியே வந்து பாறைமேல் உட்கார்ந்தது. ஆன்டெனாவை நீட்டிப் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக கான்பெராவில் மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். நீலமலைக் காவல் நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள், முந்தின நாளே போய் வாங்கி வைத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் மதுரைக்காரர், "புளியோதரை மிச்சம் இருக்கா?" என்றார். பெட்டி பைக்குள் போனது.

அந்த அரை மணி நேரம் பழனிச் சாலை என் மனத்தில் ஓடியது. அங்கே நடக்கிறவர் மயங்கி விழவே முடியாது, விழ விட மாட்டார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் நீர்மோர், பானகம், அன்னதானம், கால் அமுக்கிவிடும் ஆட்கள். நடப்பது ஒருவர், சுமப்பது ஊர். அதைப் பார்த்து வளர்ந்துவிட்டு ரீச்சரின் தாளையும் பெட்டியையும் லிட்டர் கணக்கையும் பார்த்தால் வெள்ளைக்காரக் கண்டிப்பாகத்தான் தெரியும். ஊர் இல்லாத வழியில் நீர்மோர்ப் பந்தலை முந்தின நாளே போட்டுவைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது இப்போதும் பழனி முறைதான். ஆனால் அதை இங்கே எதிர்பார்த்துக் கிளம்பக் கூடாது.

மீதி ஏற்றத்தைப் பத்துப் படிக்கு ஒரு முறை நின்று முடித்தோம். இவான்ஸ் லுக்கவுட்டில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கிரோஸ் பள்ளத்தாக்கு முழுதும் கீழே. அதன் அடியில் ‘புளூ கம்’ காடு என்று ஒரு திட்டு இருக்கிறது. 1931 ஈஸ்டர் விடுமுறையில் அங்கே நடக்கப் போன ஒரு கூட்டம், நிலத்தைக் குத்தகை எடுத்தவர் மரங்களை வெட்டப் போகிறார் என்று அறிந்து, தங்களுக்குள் பணம் திரட்டி அந்தக் குத்தகையையே வாங்கிவிட்டது. பொருளாதார மந்தக் காலம். அவர்களில் பணக்காரர் அதிகம் இல்லை. காரணமில்லாமல் நடக்கிறவர்கள் என்று நான் நினைத்திருந்த கூட்டத்தின் மூதாதையர் இவர்கள். 2019 கடைசியில் பெருந்தீ இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளும் புகுந்தது. கருகிய அடிமரத்திலிருந்தே தளிர் கிளம்பிவிடுவது யூகலிப்டஸின் வழக்கம். நிழல் தராத மரத்தின்மேல் எனக்கிருந்த கோபம் பாதி அங்கேயே போனது. மீதி இன்னும் இருக்கிறது.

பிளாக்ஹீத் வந்து சிக்னல் கிடைத்ததும் முதல் வேலை, மகளுக்குப் போன். அடுத்தது, கட்டூம்பாவில் மஞ்சள் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது. காவல் நிலைய வாசலில் காரை நிறுத்தினால் மதுரைக்காரர் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். "எங்க பரம்பரையிலேயே ஸ்டேஷன் படி மிதிச்சவங்க கிடையாது. நீங்களே குடுத்துட்டு வாங்க." யாழ்ப்பாணத்து நண்பரும் இறங்கவில்லை, அவருடைய காரணம் வேறு, எனக்குத் தெரியும். ரீச்சருக்கு இரண்டும் விளங்கவில்லை. நானும் அவரும் உள்ளே போனோம். மேசையில் இருந்த பெண் போலீஸ் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, பயன்படுத்தவில்லையே என்று கேட்டு, பதிவேட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமைக்கும் யாராவது எடுக்கிறீர்களா என்றார். ரீச்சர் என்னைப் பார்த்தார். மார்ச்சுக்குப் பிறகு பார்க்கலாம் என்றேன்.