வரிசையில் பின்னால் நிற்பவர்

தெருமுனை மெக்கானிக் கடையில் ஒரு பையன் சைக்கிள் செயினைச் சீமெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தான், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றது, இப்போது வீடுகளில் அது இல்லை, ஸ்டவ்வும் அரிக்கேன் விளக்கும் போனதோடு அதுவும் போய்விட்டது. எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் ஒரு காலத்தில் அந்த வாசனைதான் நிரந்தரம், நீலச் சாயம் கலந்த சீமெண்ணெய் லிட்டர் அளவையிலிருந்து புனலுக்குள் இறங்கும்போது காலை வெயில் பட்டு மயில் கழுத்தாக மின்னும், சிந்திய சொட்டுகளைக் குடித்துக் குடித்து மண் கறுத்துக் கிடக்கும்.

வரிசையில் ஆட்களைவிட டின்கள்தான் அதிகம், விடியுமுன் டின்னை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம், டின் கொண்டுவராதவர் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போனாலும் அது ஆளாகவே எண்ணப்படும், எங்கும் எழுதிவைக்காத சட்டம். அதற்குக் காவல் கிழவிகள், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, மஞ்சள் பையில் சுற்றிய ரேஷன் கார்டை இடுப்பில் செருகி, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது டின்னை நகர்த்தி இடையில் புகுந்தால், அவனுக்கு நேர் பின்னால் இருக்கும் கிழவிதான் முதலில் வாய் திறப்பாள், "ஏல, நீ யாரு மவன்?" அதன்பிறகு வரிசையே பேசத் தொடங்கும், அவன் தலையைக் குனிந்துகொண்டு கடைசிக்குப் போவான், அவன் முறை வரும்போது அதே கிழவி அவனுக்குப் புனலைப் பிடித்துக்கொடுப்பாள், கோபம் அவ்வளவுதான்.

இதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் அந்தக் காலமே பொற்காலம் என்று தோன்றிவிடும், ஆனால் எதிரிலேயே டீக்கடையும் இருந்தது, பாய்லரின் கரிப்புகையும் வெந்த தேயிலை மணமும் கலந்த அந்த நிழலில் இன்னொரு எழுதாத சட்டம் நடந்தது, எங்களுக்கெல்லாம் கண்ணாடி டம்ளர், சேரியிலிருந்து வருபவர்களுக்குத் தட்டியில் செருகிய அலுமினியக் குவளை. ஒருநாள் வெளியூரில் படித்துத் திரும்பிய இளைஞர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரில் டீ கேட்டார், பேச்சு நின்றது, பக்கத்திலிருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார், அவரைப் பார்த்து அடுத்தவர், பெஞ்சே காலியானது, இளைஞரோ ஆற அமரக் குடித்துவிட்டுக் காசை வைத்துவிட்டுப் போனார். எழுதிய சட்டம் 1955இலேயே அந்தக் குவளையைக் குற்றமாக்கியிருந்தது, எழுதாததற்குத்தான் ஊரில் பலம் அதிகம்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் குழு நியூயார்க்கில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே இடையில் ஆள் நுழைத்துப் பார்த்ததைப் பின்னாளில் படித்தேன், 1986இல் வெளியான ஆய்வு. ஒருவர் நுழைந்தபோது பாதிக்குச் சற்று மேற்பட்ட வரிசைகளில் எதிர்ப்பு எழுந்தது, அதுவும் பெரும்பாலும் பின்னால் நிற்பவர்களிடமிருந்து, நேர் பின்னால் தங்கள் ஆட்கள் இருவரை நிறுத்திச் சும்மா இருக்கச் செய்தபோது எதிர்ப்பு அநேகமாக அடங்கிப்போனது. படித்ததும் கிழவியின் குரலும் பெரியவரின் துண்டும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன, பக்கத்து ஆள் செய்வதைத்தான் கூட்டம் செய்கிறது.

அண்மையில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் வரிசையில் ஒருவர் நடுவில் புகுந்தார், அவருக்கு நேர் பின்னாலிருந்த பையன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அடுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கடைசியில் நின்றவர் வீடியோ எடுத்தார், அவரும் வாய் திறக்கவில்லை. மருந்துச் சீட்டை நாலாக மடித்துப் பிடித்திருந்த ஒரு வயதான அம்மா ஓரடி பின்னுக்கு நகர்ந்து இடம் விட்டார். "அண்ணே, அந்தம்மா ரொம்ப நேரமா நிக்கிறாங்க, நீங்க பின்னால வாங்க" என்றேன், உடனே இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன, அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

யாராவது வழக்கத்தை மீறும்போதெல்லாம் அந்த வழக்கம் யாருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்கிறேன். செங்கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போனவளுக்கு என்றால் முதல் குரல் நம்முடையதாக இருக்க வேண்டும், ஒருவருக்குப் பெஞ்சை மறுப்பதற்கு என்றால் மீறியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து நாமும் ஒரு டீ சொல்ல வேண்டும்.