கேட்போர் எத்தனை பேர்?

வீட்டின் பின்னறையொன்றில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து வாரந்தோறும் அரைமணி நேரம் பேசும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். பேச்சினைப் பதிவு செய்து, இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி நீக்கி, இணையத்தில் ஏற்றிவிட்டு அவர் உறங்கச் செல்கின்றார். மறுநாட் காலையில் அவர் முதலிற் பார்ப்பது ஓர் எண்ணை. 312 என்று அது காட்டுகின்றது. அவை 312 மனிதர்களா, 312 கருவிகளா, அன்றி வெறுமனே 312 தடவைகளா? வலையொலி என்றும் பொட்காஸ்ட் என்றும் வழங்கப்பெறும் இத்துறையின் இடர்ப்பாடுகள் பலவும் இவ்வினாவிலிருந்தே கிளைக்கின்றன.

2004ஆம் ஆண்டு பெப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்பார் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையொன்றில் இச்சொல்லைக் கையாண்டார். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் அப்பிள் நிறுவனம் தனது ஐரியூன்ஸ் செயலியில் இதற்கு இடமளித்தது. இதன் அமைப்பு மிக எளிமையானது. பேசுபவர் ஒலிக்கோப்பினை ஒரு சேவையகத்தில் வைக்கின்றார். அதன் முகவரி ஒரு பட்டியலில் இடம்பெறுகின்றது. கேட்பவரின் செயலி அப்பட்டியலைப் பார்த்துக் கோப்பினை எடுத்துக்கொள்கின்றது. எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அரசின் அலைவரிசைக்கோ தனியார் நிலையத்துக்கோ காத்திருந்த குரல்களுக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயின், கோப்பு கைமாறியபின் அதற்கு யாது நேர்ந்தது என்பதைச் சேவையகம் அறியாது. முழுவதும் கேட்கப்பட்டதா, பாதியில் நிறுத்தப்பட்டதா, தீண்டப்படாமலே அழிக்கப்பட்டதா என்பதெல்லாம் அதற்கு எட்டாதவை.

இந்நிலையிலே, அமெரிக்க இணைய விளம்பரத் துறையினர் 2017 டிசெம்பரில் வெளியிட்ட அளவீட்டு நெறிகள் ஓரளவு ஒழுங்கைக் கொண்டுவந்தன. குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருத்தல் வேண்டும்; ஒரே கருவி ஒரு நாளுள் ஒரே கோப்பைப் பலமுறை எடுப்பினும் ஒன்றெனவே கொள்ளல் வேண்டும் என அவை வகுத்தன. எனினும் எண்ணப்பட்டது இறக்கமேயன்றிக் கேட்டலன்று. இவ்வேறுபாடு 2023 செப்ரெம்பரிலே துலக்கமாயிற்று. அப்பிள் தனது கைப்பேசி இயங்குதளத்தின் பதினேழாம் பதிப்பில், நெடுநாள் கேளாதிருந்தவர் மீண்டும் கேட்கத் தொடங்குகையில் விடுபட்ட அத்தியாயங்கள் யாவும் தாமாக இறங்கும் வழக்கத்தை நிறுத்தியது. நாள்தோறும் வெளிவரும் நிகழ்ச்சிகளும், பழைய அத்தியாயங்களை மிகுதியாக உடையவையும் பதிவிறக்க எண்ணிக்கையில் வீழ்ச்சி கண்டன. கேட்போர் எவரும் எழுந்து போய்விடவில்லை. கேளாதவை கணக்கிலிருந்து நீங்கின, அவ்வளவே. அதுவரை அந்த எண்களைக் காட்டி விளம்பரம் விற்றவர்களின் சங்கடத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தை எண்ணும் இத்தொல்லை புதியதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் ஆரம்பமானது. 1952இன் இறுதியில் பினாக்கா பற்பசையின் ஆதரவில் அமீன் சயானி வழங்கத் தொடங்கிய இந்திப் பாடல் நிகழ்ச்சிக்குக் கடல்கடந்து கேட்போரின் கடிதங்கள் ஆயிரக்கணக்கிற் குவிந்தன. அக்கடிதங்களே அன்றைய அளவுகோல். எழுதத் தெரியாதவரும், தபாற்செலவுக்குக் கையிற் காசில்லாதவரும் அக்கணக்கில் இல்லை. ஆயினும், ஒவ்வொரு கடிதத்துக்கும் பின்னால் ஒரு மனிதர் உண்மையாகவே இருந்தார். இன்று வலையொலியில் "இந்தக் குறிச்சொல்லைக் கூறிப் பொருளை வாங்குங்கள், விலையிற் கழிவு கிடைக்கும்" என்று அறிவிப்பாளர் சொல்லும்போது, அக்கடித முறையே வேறுருவில் மீள்கின்றது எனலாம்.

விளம்பரக் கட்டணம் ஆயிரம் இறக்கத்துக்கு இவ்வளவு என்றே பெரும்பாலும் பேசப்படுகின்றது. அமெரிக்காவில் 2024இல் வலையொலி விளம்பர வருவாய் ஏறத்தாழ 240 கோடி டொலர். பின்னறைப் பேச்சாளருக்கு அதில் என்ன பங்கு? ஆயிரத்துக்கு 20 டொலர் என்று வைத்துக்கொண்டாலும், 312க்குக் கிடைப்பது ஆறே கால் டொலர். ஒலிவாங்கியின் கம்பியொன்று பழுதானால் அதுவும் போயிற்று.

இவ்விடத்திலேதான் காணொளி வந்து நிற்கின்றது. மாதந்தோறும் நூறு கோடிக்கு மேற்பட்டோர் தன்னிடம் வலையொலி நுகர்வதாக யூரியூப் 2025 பெப்ரவரியில் அறிவித்தது. அங்கு கோப்பு எவரிடமும் கொடுத்துவிடப்படுவதில்லை. நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்தே ஓடுகின்றது. எந்த விநாடியில் ஒருவர் விலகினார் என்பதுகூடப் பதிவாகும். விளம்பரதாரர் விரும்பும் துல்லியம் இதுவே. அதற்கான விலையோ, வாசற்கதவின் திறப்பை மற்றொருவர் கையிற் கொடுத்துவிடுதல். மேலும் விளக்கும், கமராவும், படத்தொகுப்பும் தேவைப்படுகின்றன. பழைய சேட்டுடன் அமர்ந்து பேசிய சுதந்திரமும் போய்விடுகின்றது. போதாக்குறைக்கு, ஓரிடத்தில் இறக்கம், ஓரிடத்தில் இயக்கம், பிறிதோரிடத்தில் பார்வை என வெவ்வேறு அலகுகளைக் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லும் வழக்கமும் பெருகியுள்ளது. தேங்காயையும் மாங்காயையும் கூட்டிக் காய் இத்தனை என்பது போன்றதே அது.

2025 மே மாதத்தில் ஸ்பொட்டிபை நிறுவனம், ஒவ்வோர் அத்தியாயமும் எத்தனை முறை இயக்கப்பட்டது என்பதை எவரும் காணுமாறு வெளியிடப்போவதாக அறிவித்தது. சிறு நிகழ்ச்சிகளை நடத்துவோர் கடுமையாக எதிர்த்தனர். சின்னஞ்சிறு எண்ணைக் கண்டதும் புதிதாக வருபவர் கேளாமலே திரும்பிவிடுவார் என்பது அவர்தம் அச்சம். அதே மாதத்தில் நிறுவனம் இறங்கிவந்து, 50,000 என்னும் எல்லையை எட்டிய பின்னரே எண் காட்டப்படும் என்றது. அவ்வெல்லைக்குக் கீழே இருப்போரின் மானம் அவ்வளவில் காப்பாற்றப்பட்டது.

பின்னறையிலிருப்பவர் அடுத்த வாரமும் பேசுவார். எண்ணும் முந்நூற்றை அண்டியே நிற்கும். அவற்றுள் ஒன்று, இரவுக் கடமை முடித்துப் பேருந்தில் வீடு திரும்பும் ஒருவருடையதாக இருக்கலாம். கைப்பேசி பைக்குள் கிடக்கின்றது. கண்களை மூடி, தலையை யன்னலோரம் சாய்த்து அவர் கேட்கின்றார். படம் இருந்தாலும் அவர் பார்க்கப்போவதில்லை.