எந்த நிலத்துக்கு

சென்ற வருஷம் நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தேடி வந்தான். பழைய ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறான். நாலு பேராக ஜெய்சால்மர் பக்கம் போய், தார் ரோட்டை விட்டு விலகிப் பத்து நாள் சுற்றுவதாகத் திட்டம். "எந்த டயர் போடலாம், அங்கிள்? நீங்க ஓமன்ல ஸ்டோர்ஸ்ல இருந்தீங்கன்னு அப்பா சொன்னார்." எந்த மாதிரி நிலம் என்று கேட்டேன். "பாலைவனந்தான், அங்கிள்" என்றான். நாற்பது வருஷத்துக்கு முன் என்னிடமும் இந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

1982ல் ஓமனில், எண்ணெய் தேடும் சர்வே முகாம் ஒன்றில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். முகாம் இருந்தது ஜித்தத் அல் ஹராசிஸ் என்கிற சமவெளியில். காட்டில் அற்றுப்போயிருந்த அரேபிய ஓரிக்ஸ் மான்களை அதே வருஷம்தான் அங்கே மறுபடி திறந்துவிட்டார்கள். சுண்ணாம்புக்கல் நிலம். கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். வண்டியில் ஏறி உட்கார்ந்தால்தான் தெரியும் அது தட்டை இல்லை என்று. மணல் வேறு பக்கம் இருந்தது. நான் மனதில் கொண்டுபோனது அந்த மணலைத்தான்.

1983 கடைசியில் லாரிகளுக்கு மொத்தமாக டயர் மாற்ற வேண்டி வந்தது. இரண்டு மாதிரிகள் வந்து இறங்கின. ஒன்று நைலான் டயர். இழை அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும் பழைய ஜாதி. பட்டன் கட்டை கட்டையாக, பக்கச்சுவர் தடித்து, தூக்கினால் கை கடுக்கும். மற்றது மணலுக்கென்றே செய்த ரேடியல். அகலமான முகம், ஆழமில்லாத பட்டன், கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும் பக்கம். ரேடியலில் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடுகின்றன. முகத்துக்கு அடியில் மட்டும் தனியாகக் கம்பிப் பட்டை. மிஷ்லான் கம்பெனி 1946ல் உரிமை வாங்கிய ஏற்பாடு. சூடு குறைவு, தேய்மானம் குறைவு. பக்கம் நன்றாக வளைந்து கொடுக்கும். அதனாலேயே அந்தப் பக்கத்துக்குக் காவல் குறைவு.

என்னிடம் படிப்பு இருந்தது. பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ எஞ்சினியர் 1920களின் கடைசியிலிருந்து லிபியப் பாலைவனத்தை ஃபோர்டு வண்டிகளில் குறுக்கே கடந்ததைப் பற்றிப் படித்திருந்தேன். டயரில் காற்றைக் குறைத்தால் அது நீளவாக்கில் பரந்து மணல்மேல் நிற்கும் என்பதை நடைமுறையாகவே ஆக்கியவர். புதைந்த சக்கரத்துக்கு அடியில் கொடுக்க இரும்புத் தகடுகளைக் கொண்டுபோனார். 1941ல், காற்றில் மணல் நகரும் விதத்தைப் பற்றி இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் ஒரு புத்தகம் எழுதினார். இவ்வளவும் தெரிந்த திமிரில் மணல் டயருக்குச் சிபாரிசு எழுதினேன். பாக்னால்டின் மணல் லிபியப் பாலைவனத்தில் இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை.

லாரி ஓட்டுகிறவர்களில் மூத்தவர் திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஸ்டோருக்கு வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, மாதிரி டயரின் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"பக்கம் மெலிசா இருக்கே, தம்பி."

"பாலைவனத்துக்குன்னே செஞ்சது, அண்ணாச்சி."

அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாரோ, சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று நினைத்தாரோ.

1984 ஏப்ரலில் ஒரு நாள், முகாமிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் இருந்த ஆட்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சியும் ஒரு பலூச்சிப் பையனும் கிளம்பினார்கள். ரேடியோ இல்லாத வண்டி. வழியில் கொஞ்சம் மணல் வந்ததால் காற்றை இறக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டியதும் மறுபடி அடிக்க பம்ப் வேலை செய்யவில்லை. காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் பிதுங்கும். மணலில் அந்தப் பிதுக்கம்தான் வண்டியைக் காப்பாற்றுகிறது. கல்லில் அதே பிதுக்கம் சதையைக் கத்திமுனைக்கு நீட்டுவது மாதிரி. ஒரு பின் டயர் பக்கத்தில் ஒரு சாண் கிழிந்தது. ஸ்டெப்னியை மாட்டி ஐந்தாறு மைல் போவதற்குள் முன் டயர் ஒன்றும் போயிற்று. பட்டனில் ஆணி ஏறினால் ஒட்டிக்கொள்ளலாம். பக்கம் கிழிந்தால் அதைத் தூர எறிய வேண்டியதுதான், ஒட்டு நிற்காது.

இரண்டாம் நாள் மாலைதான் அவர்களைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தோம் என்பதுகூடச் சரியில்லை. தெற்கே ஒரு கறுப்புப் புகை நேராக எழுந்து நின்றது. கிழிந்த டயர்களை டீசல் ஊற்றிக் கொளுத்தியிருந்தார் அண்ணாச்சி. நான் வாங்கிய டயர் அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவிற்று. பையன் வண்டியடி நிழலில் படுத்திருந்தான். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அண்ணாச்சி எழுந்து நின்றார். தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் பேசினார். டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மேலே அனுப்ப வேண்டிய அறிக்கையை நான்தான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'ரோட்டின் நிலை' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அங்கே ரோடே கிடையாது.

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. வெறும் சோம்பல் இல்லை. தவறு டயரில் என்றோ, பம்ப்பில் என்றோ சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. உண்மையில் நான் டயரை நிலத்துக்கு வாங்கவில்லை. ஒரு வார்த்தைக்கு வாங்கினேன். பாலைவனம் என்றதும் மணல்மேடு என்கிற படிமம் எனக்கு எங்கிருந்தோ தயாராக வந்துவிட்டது. சினிமாவிலிருந்து வந்திருக்கலாம். சஹாராவிலேயே மணல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மிச்சம் கல்லும் சரளையும் பாறையும். பரீட்சைக்குப் படித்தபோது நம் இலக்கணம் எனக்கு வேறு மாதிரி சொல்லித் தந்திருந்தது: பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகிறது. அதாவது, எது திரிந்து இப்படி ஆயிற்று என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டாக வேண்டும். நான் கேட்கவில்லை. கவிதையைப் பற்றி நாம் எழுதுவதிலும் இந்த மாதிரி சிபாரிசுகள் நிறைய இருப்பதாகத் தோன்றுகிறது. வேறொருவரின் மணலுக்குச் சரியாக இருந்த அளவுகோலை, நம் கல்லைக் கையால் தொட்டுப் பார்க்காமல், நிழலில் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். அங்கே யாருக்கும் நாக்கு வறளுவதில்லை என்பதால் தெரியாமல் போகிறது.

அடுத்த முறை டயர் வாங்கும்போது அண்ணாச்சியைப் போய்க் கேட்டேன். இரண்டு நிலமும் வருகிற வழிக்கு எதை வாங்குவது?

"கல்லுக்கு வாங்குங்க, தம்பி. மணல்ல காத்த எறக்கிக்கிடலாம். கல்லுல கிழிஞ்ச பக்கத்த என்னத்த வச்சு ஒட்ட?"

நான் படித்த எதிலும் இது இவ்வளவு சுருக்கமாக இல்லை. அந்த வருஷக் கடைசியில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அறிக்கையில் நான் என்ன எழுதினேன் என்று அவருக்குத் தெரியுமா என்பதைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

நண்பரின் மகனுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மணல்மேடுகளும் உண்டு, கல்தரையும் உண்டு அங்கே. கல்லை நினைத்து வாங்கு. பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு என்று டயரிலேயே எழுதியிருக்கும். பட்டனைப் பார்க்கிறதற்கு முன்னால் அதைப் பார். செய்த தேதியையும் பார்: 2000க்குப் பிறகு வந்த டயர்களில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் ரப்பர் கிழடு தட்டும். நாலு சக்கரமும் ஒரே அளவு, ஸ்டெப்னி இரண்டு. கெட்டித் தரையில் முப்பத்தைந்து பவுண்டு என்றால் மணலில் பதினைந்து, பதினெட்டு வரை இறக்கலாம். இறக்கினால் மெதுவாகப் போ, வேகத்தில் டயர் சூடாகி வெடிக்கும். மணல் முடிந்த இடத்திலேயே நிறுத்தி மறுபடி காற்றை அடி. பம்ப் வேலை செய்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்.

எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டான். போகும்போது, "நீங்க நிறைய ஓட்டியிருப்பீங்க போல, அங்கிள்" என்றான்.

இல்லை, நான் வாங்கிக் கொடுத்தவன் மட்டும்தான் என்றேன்.