கொடியில் எத்தனை துணி

9-ஆம் நாள்

இரவு இரண்டரை. ஒன்றேகாலுக்குப் பால் குடித்தவன் மறுபடியும் வாயைத் திறந்து தலையை அங்கும் இங்கும் ஆட்டுகிறான். நேற்று இதே நேரத்திலிருந்து எண்ணினால் இது பதினான்காவது தடவை. ஆச்சி எழுந்து கொண்டையை முடிந்துகொண்டே ஆரம்பித்தாள். "பால் பத்தலட்டி. பத்துனா பிள்ளை இப்படி அழுவுமா? ஒரு சங்கு சீனித்தண்ணி குடுத்தாத்தான் என்ன?"

எங்கள் வீட்டில் சங்கு என்றால் இரண்டு. ஒன்று, அம்மாவுக்கும் எனக்கும் புகட்டிய வெள்ளிச் சங்கு. இன்னொன்று மில் சங்கு. தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் மலையடிவாரத்தில் தொடங்கிய பஞ்சாலை அந்த மில். எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரத்தில் எத்தனையோ வீடுகளின் சோறும் தூக்கமும் அதன் ஷிப்டுக் கணக்கில்தான் நடந்தன. அப்பா முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்தவர். "இவன் மூணாவது ஷிப்டுக்காரன்லா" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டார். மூணாவது ஷிப்டில்தான் உற்பத்தியும் அதிகம்: பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்குமாம்.

12-ஆம் நாள்

ஆனிச் சாரல். பொதிகை மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை. துணி காயவே இல்லை. அடுக்களையில், கட்டில் காலில், அப்பாவின் சாய்வு நாற்காலியில் என்று வீடெல்லாம் ஈரத்துணி.

நர்ஸம்மா வந்தபோது ஆச்சி முந்திக்கொண்டு பிராது வைத்தாள். நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை, துணிகளைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை நனைக்கான்?" ஒன்பது, பத்து என்றேன். "முதல் வாரம் தாண்டுனா ஆறு நனைச்சாலே போதும்மா. உள்ள போகாம வெளிய எப்படி வரும்?"

அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காம்பை மட்டும் கவ்வுவதைப் பார்த்து, வாய் நன்றாகத் திறக்கும்வரை பொறுத்து, கருவட்டமும் உள்ளே போகும்படி சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். மூன்று நாளாக இருந்த காம்பு எரிச்சல் பாதியாகக் குறைந்தது. "எட்டுலேர்ந்து பன்னெண்டு தடவை குடிக்கது சாதாரணம், சில நாள் கூடவும் செய்யும். ஆத்து மணல்ல ஊத்து தோண்டுவோம்லா? எறைக்க எறைக்கத்தான் ஊறும்."

சீனித்தண்ணீரின் சூழ்ச்சி அப்போதுதான் புரிந்தது. வயிறு அதில் நிறைந்தால் பிள்ளை சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பது குறையும். பால் பத்தவில்லை என்று சொல்லியே பத்தாமல் ஆக்கிவிடலாம்.

15-ஆம் நாள்

எடை 2 கிலோ 940. பிறந்தபோது 2 கிலோ 900. நாலாம் நாள் 2 கிலோ 710-க்கு இறங்கியபோது நான் அழுதது வீண். முதல் சில நாளில் அப்படி இறங்கி, இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடுவதுதான் வழக்கமாம்.

20-ஆம் நாள்

பார்க்க வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் "பால் இருக்கா?" என்றார்கள். குழந்தைகளுக்கான டின் பாலை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது. இந்த ஏழு பேருக்கு எந்தச் சட்டம்?

எதிர்வீட்டு மதினி, "உரம் விழுந்திருக்கும், சேலையில போட்டு உருட்டுனா சரியாயிரும்" என்றார். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உருட்டுவார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை நான் தரவில்லை. மதினிக்கு வருத்தம்தான். ஆனால் அவர் கொண்டுவந்த பூண்டுக் குழம்பை மூன்று நாள் வைத்துத் தின்றேன். அதில் பால் ஊறுகிறதோ இல்லையோ, பசிக்கிறவளுக்கு யாரோ ஆக்கிக் கொடுப்பதே பெரிய மருந்து.

27-ஆம் நாள்

சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை. வலது, இடது, மறுபடி வலது. இரண்டு நிமிஷம் குடிக்கிறான், வளைந்து கத்துகிறான். துணி மாற்றியாயிற்று, ஏப்பம் விடவைத்தாயிற்று. காய்ச்சல் இல்லை.

ஒரு கணம் அவனைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், உயிரே போகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கைக்கு அப்படித் தோன்றியது. தொட்டிலில் கிடத்திவிட்டுப் புறவாசலுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. உள்ளே அழுகை. பத்து நிமிஷம் இருக்கும். திரும்பிப் போனபோது அம்மாவின் தோளில் கிடந்தான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "நீ சாப்பிடு, நான் நடந்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

41-ஆம் நாள்

அழுகை இன்னும் கூடியிருக்கிறது. 1962-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகப் பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 பிள்ளைகளின் அழுகையைத் தாய்மார்களைக் கொண்டே குறித்துவைக்கச் சொன்னார். ஆறாவது வாரத்தில்தான் உச்சம், நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி. அதிலும் சாயங்காலந்தான் அதிகம். அப்புறம் இறங்குமுகம். கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்கள் பிள்ளையை இறக்காமல் உடம்போடு கட்டிக்கொண்டு, மணிக்குப் பல தடவை பால் கொடுத்துவந்தவர்கள். அங்கும் இந்த முதல் மாதங்களில் ஓர் உச்சம் இருந்ததாம். ஒவ்வொரு அழுகையும் சீக்கிரம் அடங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆக, நான் தின்ற கத்தரிக்காய் மேல் பழி இல்லை. அப்பா தோளில் போட்டு நடக்க ஆரம்பித்திருக்கிறார். தறிக்கூடத்தில் நடந்த கால்.

பால் நிஜமாகவே பத்தாத பிள்ளைகளும் உண்டு. துணி நனைவது குறையும், எடை ஏறாது, எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடக்கும். அப்போது ஆச்சியையும் கேட்கக் கூடாது, என்னையும் கேட்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இவனோ 3 கிலோ 700.

46-ஆம் நாள்

வெயில். ஆறு வாரத்தில் முதல்முறையாகத் துணிகள் புறவாசல் கொடியில். ஆச்சி வெற்றிலையை மடித்தபடி வந்து, "ஏட்டி, இப்பவாது பால் பத்துதா?" என்றாள்.

"கொடியில எண்ணிப் பாருங்க ஆச்சி."

ஆச்சி நிஜமாகவே போய், நெற்றியில் கைவைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பன்னிரண்டு என்றாள். அதில் ஒன்று அப்பாவின் துண்டு.