பெஞ்சில் இருந்த அண்ணன்

எங்கள் பெரியப்பா மகன் ஒரு சாஃப்ட்வேர் ஆள். பெயர் வேண்டாம், தெரிந்தால் உதைப்பான். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் ப்ரோக்ராமராக இருந்தான். காலையில் திருநின்றவூரில் இருவருக்கும் ஒரே ரயில். நான் ஆவடியில் இறங்கிக்கொள்வேன், அவன் பட்டரவாக்கம் வரை போவான்.

2025 ஆகஸ்டில் ஒரு நாள் எங்களுக்கு முதல் இரண்டு வகுப்போடு சரி. பதினொன்றரை மணிக்கு ஆவடி பிளாட்பாரத்துக்கு வந்தால், லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருக்கிறான்.

"என்னண்ணா, லீவா?"

"பெஞ்ச்ல இருக்கேன்டா."

ஐ.டி.யில் ப்ராஜெக்ட் இல்லாமல் சும்மா உட்கார வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஸ்டேஷன் பெஞ்சையும் சேர்த்து ஜோக் அடிக்கிறான் என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வேலை போய் பதினாறு நாள் ஆகியிருந்தது. தினமும் குளித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, அதே ரயிலில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, கூட்டம் கலைந்ததும் ஆவடிக்குத் திரும்பி வந்து சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். பூசலார் நாயனார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய ராஜாவின் கனவில் சிவன் போய், நாளைக்குப் பூசலார் கோயில் கும்பாபிஷேகம், உன்னுடையதைத் தள்ளி வை என்றாராம். இருதயாலீசுவரர் கோயில் இன்றும் இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த இவன் மனசுக்குள்ளேயே ஆபீஸ் போய்க்கொண்டிருந்தான்.

பெரியப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்பதை நான் கேட்கவே வேண்டியதில்லை. பெரியப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். 'வேலை போச்சு' என்றால் 'நீ என்னடா தப்பு பண்ணின?' என்பதுதான் அவருக்கு வரும் முதல் கேள்வி. அந்த ஜூலையில்தான் டி.சி.எஸ். தன் ஆட்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்திருந்தது. பேப்பரில் அதைப் படித்துவிட்டு, "உங்க கம்பெனில ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் இல்லப்பா" என்றிருக்கிறான். அன்றைக்கு வேலை போய் நாலாவது நாள். 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்ததில் இருந்து, "உனக்குத்தான்டா பக்கத்துலயே கட்டியிருக்கான்" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். ரயிலில் போகும்போது இவன் அந்தக் கட்டடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் பி.காம். படிக்கிறவன். ஜாவாவும் தெரியாது, பைத்தானும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் கேஷ் பட்ஜெட். காஸ்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டேன். கையில் இருந்த சேமிப்பு 31,000. கம்பெனி கொடுத்தனுப்பிய இரண்டு மாதச் சம்பளம் 54,000. ஆக 85,000. மாதம் எஜுகேஷன் லோன் 7,800, வீட்டுக்குக் கொடுப்பது 10,000, மற்றது 2,200. நாலு மாதம் தாங்கும். "டிசம்பர் வரைக்கும் பயமில்லண்ணா" என்றேன். அவன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் வந்தது. அதுவரை அவன் கூட்டிப் பார்க்கவே இல்லையாம், பயத்தில்!

பி.எஃப்.பை முழுசாக எடுத்துவிடலாம் என்றான். வேண்டாம் என்றேன். ஐந்து வருஷம் முடியாமல் எடுத்தால் பொதுவாக அது வரிக் கணக்கில் வரும், 50,000 தாண்டினால் பிடித்தமும் உண்டு. அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் பழைய வருஷங்களும் சேர்ந்து எண்ணப்படும். இ.எஸ்.ஐ.யில் வேலை இழந்தவர்களுக்கு ஒரு உதவித்தொகை இருக்கிறது, ஆனால் மாதச் சம்பளம் 21,000க்குள் இருப்பவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ.யே. தமிழக அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும், அதுவும் இன்ஜினியர்களுக்குக் கிடையாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம் :-)

சிரிப்பு வராத விஷயம் ஒன்று. ஹெச்.ஆர். இவனை உட்கார வைத்து, இவன் கையாலேயே ராஜினாமா மெயில் அடிக்க வைத்திருக்கிறார்கள். 1947 தொழில் தகராறு சட்டப்படி, ஒரு வருஷம் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் தர வேண்டும். (2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்குத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, 15 நாள் கணக்கு அதிலும் இருக்கிறது.) ஐ.டி. கம்பெனிகளுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று பலரும் நினைக்கிறார்கள். 2015 ஜனவரியில் சென்னையில் கர்ப்பிணியான ஒரு டி.சி.எஸ். ஊழியர் உயர் நீதிமன்றம் போய்த் தன் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், அவர்களுக்கு விலக்கு இல்லை என்று 2016இல் தமிழக அரசே சொன்னது. ஆனால் தானாக ராஜினாமா செய்தவனுக்கு ஆட்குறைப்பு நஷ்டஈடு எங்கிருந்து வரும்? ஒரு மெயிலில் அத்தனையும் போயிற்று. அனுப்புவதற்கு முன் அரை மணி நேரம் டயம் கேட்டு யாருக்காவது போன் பண்ணியிருக்கலாம். எனக்கு இன்றும் ஆறவில்லை.

செப்டம்பரில் ஒரு கன்சல்டன்சியில் இருந்து போன். ஒன்றரை லட்சம் கொடுத்தால் 'பேக்டோர்' வழியாக ஆஃபர் லெட்டராம். இவன் பெரியம்மா போட்ட செயினை அடகு வைக்கக் கிளம்பிவிட்டான். எந்த ஒழுங்கான கம்பெனி வேலை கொடுக்கக் காசு கேட்கும்? ஏரிக்கரையில் நின்று கத்திச் சண்டை போட்டோம். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. செயின் மட்டும் கழுத்திலேயே இருந்தது.

அப்புறம் ரெஸ்யூமே. வாங்கிப் படித்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரிக்கு வரி 'ரெஸ்பான்சிபிள் ஃபார்', 'இன்வால்வ்டு இன்'. "அண்ணா, நீ ரெண்டு வருஷம் என்னதான் செஞ்ச? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். "டெவலப்மென்ட், சப்போர்ட்..." என்று இழுத்தான். விடாமல் கேட்டேன். தினமும் சாயங்காலம் இதே வேலை. நாலாவது நாள், போகிற போக்கில், ராத்திரி ஓடும் ஒரு ரிப்போர்ட் நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தது, நான்தான் இருபது நிமிஷம் ஆக்கினேன் என்றான். இது ஏன் ரெஸ்யூமேவில் இல்லை என்றால், "அது சின்ன வேலைடா, ரெண்டு நாள்ல முடிச்சது" என்கிறான்! அப்படியே இன்னும் மூன்று விஷயம் கிடைத்தது. நாலு பக்க ரெஸ்யூமே ஒரு பக்கமானது. ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டால் ப்ராஜெக்ட் மூடிவிட்டார்கள் என்ற உண்மையை ஒரே மூச்சில், தலை குனியாமல் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது.

கூடப் படித்தவர்களுக்கு மெசேஜ் அனுப்பக் கூச்சப்பட்டான். பதினேழு பேருக்கு நானே உட்கார்ந்து அனுப்ப வைத்தேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் தங்களுக்கும் வேலை போய்விட்டது என்று எழுதியிருந்தார்கள்.

சீசன் டிக்கெட் செப்டம்பர் கடைசியில் முடிந்தது. இவன் புதுப்பிக்காமல் ஒற்றை டிக்கெட் எடுத்துப் போய்க்கொண்டிருந்ததைப் பெரியப்பா எப்படியோ பார்த்துவிட்டார். சட்டையைத் துவைக்கப் போடும்போதாக இருக்கும். ஒரு ராத்திரி நேராகக் கேட்டார், இவன் சொல்லிவிட்டான். 'என்ன தப்பு பண்ணின?' வரவில்லை. "இத்தன நாளு எங்கடா சாப்ட்ட?" என்று கேட்டாராம். அடுத்த நாளில் இருந்து வீட்டிலேயே உட்கார்ந்து படித்தான்.

நான் பகுதி நேரமாகப் போகும் ஆடிட்டர் ஆபீசில் மாதா மாதம் ஒரு தலைவலி உண்டு. 14ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி அறிக்கை வரும். சப்ளையர் ஏற்றிய பில் அதில் இருந்தால்தான் உள்ளீட்டு வரியை எடுக்க முடியும். பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டும். பில் நம்பரில் ஒரு கோடு, ஒரு சைபர் மாறியிருந்தாலும் எக்செல் கைவிரித்துவிடும். அண்ணனிடம் புலம்பினேன். இரண்டு ராத்திரியில் ஒரு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தான். மூன்று நாள் வேலை ஒரு மணி நேரமானது. ஆடிட்டர் சார் 3,000 ரூபாய் கொடுத்தார். ரெஸ்யூமேவில் முதல் வரியாக அதை ஏற்றினோம்.

ஒன்பது இன்டர்வியூ போனான். எட்டு சரியில்லை. ஒன்பதாவது அம்பத்தூரிலேயே அக்கவுன்டிங் சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. அரை மணி நேரம் 2பி பற்றி மட்டுமே கேட்டார்களாம். பொங்கலுக்கு முந்தின வாரம் சேர்ந்தான். சம்பளம் பழையதைவிட 3,000 கம்மி.

மறுபடியும் ஒரே ரயில். போன மாதம் ஒரு சப்ளையர் பில் நம்பரில் சாய்வுக்கோடு போட்டுத் தொலைக்க, அந்த ப்ரோக்ராம் நாற்பது வரியைத் தப்பாகக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறான். இந்தத் தடவை 3,000 போதாதாம்.