கதவைத் தட்டியது அப்பா இல்லை

"நான் இனிமே சர்ச்சுக்கு வரல."

போன ஞாயிறு காலை, பதினாறு வயசு மகன் இப்படிச் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். எனக்கு வந்த கோபத்துக்குக் கதவையே உடைத்திருப்பேன். மனைவிதான் தடுத்தாள். அன்றைக்கு ஆராதனையில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

எனக்கும் அந்த வயசு இருந்தது. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு இன்டர் படிக்கப் போய், ஹாஸ்டலில் சேர்ந்த ஒரே மாதத்தில் கோயிலுக்குப் போவதை விட்டேன் (எங்கள் வீட்டில் சர்ச்சும் கோயில்தான்). அப்பாவுக்குச் சேதி போய்விட்டது. ஊர்க்காரர்கள் சொல்லாமல் விடுவார்களா!

மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடித்து, சுமார் எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வருவார். மலையிறங்கி வந்த மொட்டைத் தலைகளுக்கு நடுவே, ஒரு கையில் பைபிள் பை, மறுகையில் புளிசோற்று டப்பா. "துணியெல்லாம் நீயே துவைக்கிறியாப்பா?" என்பார். கோயிலைப் பற்றி மூச்சு விடமாட்டார். நான் திரும்பப் போனது இருபத்திநாலு வயசில். புளிசோறுதான் காரணம் என்று சாட்சி சொல்லமாட்டேன். ஆனால் திரும்பிப்போக வெட்கமாக இல்லை.

சித்தூரும் ஆற்காடு மிஷன் வேலை செய்த ஊர் என்பதால் ஐடா ஸ்கடர் கதை எங்களுக்குப் பாலோடு வந்தது. மிஷனரி வீட்டுப் பெண். மிஷனரியாக மாட்டேன் என்பதில் உறுதி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-இல் திண்டிவனம் வந்தாள். ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டி, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவக் கூப்பிட்டார்கள். டாக்டரான அப்பா வரக்கூடாது, பெண்தான் வரவேண்டும் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அவள் டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் தொடங்கியதுதான் சி.எம்.சி. எத்தனையோ முறை கேட்ட கதை. தட்டியவர்களில் அப்பா இல்லை என்பது இந்த வாரம்தான் உறைத்தது.

கொலோசெயர் 3:20, பிள்ளைகள் கீழ்ப்படியச் சொல்வது. மகனுக்கு மனப்பாடம் செய்யவைத்தேன். அடுத்த வசனம் அப்பாக்களுக்கு. அதை நான் மனப்பாடம் செய்யவில்லை.

இந்த ஞாயிறும் அவன் வரவில்லை. நான் வந்து புளிசோறு கிளறி, "சாப்பிட வாப்பா" என்றேன். வந்தான். அப்பா மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வரவில்லை. "இன்னைக்குப் பிரசங்கம் கொஞ்சம் நீளம்" என்று சொல்லிவிட்டேன்.

"எப்பவும் அப்படித்தானே" என்று சிரித்தபடி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.